மோசஸ் சார் கேட்காமல் விட்ட கேள்வி

ரிட்டயர் ஆன பிறகும் மாதம் ஒருமுறை பழைய கடைக்குப் போய் எட்டிப் பார்த்துவிட்டு வருவது என் வழக்கம். போன தடவை போனபோது அசெம்பிளி மேஜையைக் காணவில்லை. அது இருந்த இடத்தில் மொபைல் உறைகள் தோரணம் மாதிரித் தொங்கின. இனிமேல் கடையில் கம்ப்யூட்டர் சேர்ப்பது இல்லையாம். வருவதெல்லாம் லேப்டாப், பாதிக்கு மேல் மெமரியைக்கூடக் கழற்ற முடியாதபடி பற்றவைத்தே வருகிறது. எனக்கு இதில் வருத்தம் ஒன்றும் இல்லை. அந்த மேஜை எனக்குக் கொடுத்த இடுப்புவலி இன்னும் என்னோடுதான் இருக்கிறது.

ஆனால் கவுண்டரில் நின்ற பெண்கள் இரண்டு பேரும் விடவில்லை. "எஸ்தர் சேச்சி, அன்னைக்கெல்லாம் வீட்டுக்கு ஒரு சிஸ்டம்னா பார்ட்ஸ் எப்படி செலக்ட் பண்ணுவீங்க? நெட்ல ரிவ்யூ பார்ப்பீங்களோ?" என்றார்கள். நெட்டைப் பார்ப்பதற்கே முதலில் ஒரு கம்ப்யூட்டர் வேண்டும் அல்லவா! அவர்களிடம் நின்றுகொண்டே சொன்னதை இங்கே உட்கார்ந்து எழுதுகிறேன்.

எனக்கு ஊர் பாறசாலைப் பக்கம். திருவனந்தபுரத்தில் பெண்கள் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்தேன். பல வருஷம் டிவி ரிப்பேர் கடையில் சால்டரிங் புகையைக் குடித்தேன். தொண்ணூறுகளின் நடுவில் இந்தக் கடைக்கு வந்தேன். கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டிலிருந்து சாலைக் கடைத்தெருவுக்குள் நுழையும் இடத்தில், ஒரு பாத்திரக்கடைக்கு மேல் மாடி. படியேறும்போதே கீழே எவர்சில்வர் தட்டுகள் விழும் சத்தம் கேட்கும். வந்த முதல் மாதம் முழுக்க எனக்குக் கொடுத்த வேலை, திருகாணிகளை அளவு பார்த்துப் பிரித்து டப்பாவில் போடுவது. அதற்கு மேல் என் பயிற்சியைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. மீதியெல்லாம் மோசஸ் சார் செய்வதைப் பார்த்துக் கற்றுக்கொண்டது.

மோசஸ் சார் கடையின் தலைமை டெக்னீஷியன். களியக்காவிளைக்காரர். சர்ச்சில் ஆர்கன் வாசிப்பார். மெலிந்த மனிதர், சட்டைக் கையை முழங்கை வரைக்கும் நான்காக மடித்திருப்பார், குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. தப்பு செய்தால் திட்டமாட்டார். நாம் செய்ததைக் கழற்றி மேஜையில் பரப்பிவிட்டு, "இனி முதல்ல இருந்து பண்ணு மக்ளே" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். திட்டியிருந்தால் தேவலை என்று இருக்கும்.

கம்ப்யூட்டர் வாங்க வருகிறவர்கள் கையில் அந்த நாளில் ஒரு பத்திரிகை விளம்பரம் இருக்கும். அதில் மெகாஹெர்ட்ஸ் என்று ஒரு எண்ணைப் பேனாவால் வட்டம் போட்டிருப்பார்கள். பக்கத்து வீட்டுக்காரனுடைய எண்ணைவிடத் தன்னுடையது பெரிதாக இருக்கவேண்டும், அவ்வளவுதான். மோசஸ் சார் அந்தக் காகிதத்தை மரியாதையாக வாங்கி, மடித்து, அவர்களிடமே திருப்பிக் கொடுத்துவிடுவார். பிறகு கேள்விகள் ஆரம்பமாகும். எந்த அறையில் வைப்பீர்கள்? ஜன்னல் பக்கமா? சாரல் அடிக்குமா? வீட்டில் எறும்பு எப்படி? பல்லி உண்டா? யார் உட்காருவார்கள்? பகலில் வீட்டில் யார் இருப்பார்கள்? இடி வந்தால் ஒயரை யார் பிடுங்குவார்கள்?

வந்தவர்கள் முழிப்பார்கள். பெண் பார்க்க வந்தவர்கூட இத்தனை கேள்வி கேட்கமாட்டார் என்று ஒரு புரொபசர் சொல்லிச் சிரித்தார். ஆனால் சார் அந்தப் பதில்களில் இருந்துதான் பாகங்களைத் தேர்ந்தெடுப்பார். எல்லாரும் பிராசஸரில் ஆரம்பிப்பார்கள், இவர் மின்சாரப் பெட்டியில் ஆரம்பிப்பார். கேபினெட்டின் பின்புறம் இருக்கும் அந்த இரும்புப் பெட்டியைக் கையில் வைத்து எடை பார்ப்பார். கனமாக இருந்தால் உள்ளே செம்பும் அலுமினியமும் குறைவில்லாமல் போட்டிருக்கிறான் என்று அர்த்தம். லேசாக இருந்தால் அப்படியே ஒதுக்கிவிடுவார். அடுத்து மதர்போர்டு, அடுத்து மெமரி, அடுத்து டிஸ்க். பிராசஸர் கடைசியில். "மூளை எப்பவும் ஓவர்தான் எஸ்தரே, வயிறு சரியா இருக்கணும்" என்பார். எறும்பு அதிகம் என்று சொன்ன வீட்டுக்குப் போகும் பெட்டியில், காலியாக இருக்கும் ஓட்டைகளையெல்லாம் தகடு போட்டு அடைத்துவிடுவார்.

ஒருமுறை கல்ஃபில் இருந்து வந்த ஒருவர், எது பெரிசோ அது எல்லாம் வேண்டும் என்றார். சார் வழக்கம்போலக் கேள்விகளைக் கேட்டார். கடைசியில் தெரிந்தது, அதை ஹாலில் கல்யாண போட்டோவுக்குக் கீழே கண்ணாடி அலமாரிக்குள் வைக்கப் போகிறார்கள். மோசஸ் சார் யோசித்து, நல்ல பளபளப்பான கேபினெட்டும் சாதாரண உள்பாகங்களும் போதும் என்று எழுதினார். வந்தவர் கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போய்விட்டார். எங்கள் முதலாளிக்கு மோசஸ் சார்மேல் கோபம் வந்தது. ஆக மொத்தம் அன்று எல்லாருக்கும் கோபம், சாரைத் தவிர.

இப்படிக் கேட்டுக் கேட்டே பழகிய மனிதர் ஒரே ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டார். நான் சொல்ல வந்தது அதைத்தான்.

இரண்டாயிரத்தை ஒட்டிய வருஷங்கள். மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் என்று ஒரு வேலை ஊரெல்லாம் பேச்சாக இருந்தது. அமெரிக்காவில் டாக்டர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டுத் தங்கள் குறிப்பைக் குரலில் பதிவு செய்வார்கள். இங்கே அதைக் கேட்டு டைப் அடித்து அனுப்பவேண்டும். விசாலம் அந்த வேலைக்காகத்தான் எங்கள் கடைக்கு வந்தாள். கரமனை அக்ரஹாரத்துப் பெண், என் வயதுதான், நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தோம். கல்யாணம் ஆகவில்லை. அண்ணன் ராமநாதன் குடும்பத்தோடு இருந்தாள். அன்று அண்ணனும் கூட வந்திருந்தார். சர்க்கார் ஆபீஸில் இருந்து ஓய்வு பெறப் போகிறவர், நெற்றியில் விபூதி, கையில் குடை.

நான் மானிட்டர் காட்டும் சாக்கில் அவளைத் தனியே அழைத்துப் போனபோது விஷயத்தைச் சொன்னாள்.

"அண்ணா ரிட்டயர் ஆனதும் எல்லாருமா பெங்களூர் போறா, பிள்ளையாத்துக்கு. ஆத்தைப் பூட்டிண்டு என்னையும் அழைச்சுண்டு போறதாக்கும் ஏற்பாடு. அங்க போய் அவாத்துல மாவு அரைச்சுண்டு, குழந்தை பாத்துண்டு... எனக்கு வேண்டாம். கையில ஒரு நிரந்தர வேலை இருந்தா இங்கயே இருந்துக்கோன்னு அண்ணா வாய்தவறிச் சொல்லிட்டா. அந்த ஒரு வார்த்தையைத்தான் நான் பிடிச்சுண்டு நிக்கறேன்."

ஏஜென்சி அவளைச் சோதனைக்கு எடுத்துக்கொண்டிருந்தது. சில மாதங்கள் பிழை இல்லாமல், நேரம் தவறாமல் அனுப்பினால் நிரந்தரம். கால் பெடல் ஒன்று கொடுத்திருந்தார்கள். அதை மிதித்தால் டாக்டரின் குரல் ஓடும், காலை எடுத்தால் நிற்கும். தையல் மிஷின்போலத்தான்.

அவளுக்குப் பாகம் தேர்ந்தெடுத்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, ஏனென்றால் அவள் எதற்கும் தலையாட்டும் ரகம் இல்லை. டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவள். கடையில் இருந்த கீபோர்டுகளை எல்லாம் வரிசையாக மேஜையில் வைக்கச் சொன்னாள். கம்ப்யூட்டரில் இணைக்கக்கூட இல்லை. கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றிலும் கொஞ்ச நேரம் அடித்துப் பார்த்தாள். "இது கொழுக்கட்டை மாவு மாதிரி இருக்கு" என்று ஒன்றைத் தள்ளினாள். இன்னொன்று கிலுகிலுப்பையாம். கடைசியில் பின் அலமாரியில் யாரோ திருப்பிக் கொடுத்த பழைய கனமான கீபோர்டு ஒன்று கிடந்தது. அதில் விரலை வைத்ததும் நிறுத்தவே இல்லை. மோசஸ் சார் அதைக் கழுவித் துடைத்து எடுத்துவைத்தார். அவருடைய முகத்தில் ஒரு சந்தோஷம் தெரிந்தது. ஆர்கன் வாசிக்கிறவர் அல்லவா.

போர்டிலேயே சவுண்ட் சேர்ந்து வருவது அப்போது புதிது, விலையும் குறைவு. சார் அதை வேண்டாம் என்றார். "இவங்களுக்குக் காதாக்கும் முக்கியம். சவுண்ட் கார்டு தனியா இருக்கட்டும்." அடுத்து, டெலிபோன் வழியாக ஃபைல் அனுப்ப மோடம். வெளியே தனிப் பெட்டியாக வருவது ஒன்று, உள்ளே அட்டையாகச் செருகுவது ஒன்று, அது விலை குறைவு. வெளிப் பெட்டி டெலிபோன் கம்பியில் வரும் இடியை ஓரளவு தன்னோடு வாங்கிக்கொண்டு போய்விடும். சார் அண்ணனைப் பார்த்து வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"இடி மழைக்கு ஒயர யாரு பிடுங்குவா சாரே?"

ராமநாதன் குடையை நட்டுவைத்து நிமிர்ந்தார். "நானாக்கும். மத்தியானம் மானம் கறுத்தாப் போறும், டிவி கேபிள், போன், ஃபிரிட்ஜ், எல்லாம் நான் போய்க் கழட்டிடுவேன். அதுல ஒரு பிசகும் வராது. ஐப்பசி மாசம் பூரா எனக்கு இதுதான் ஜோலி."

இந்த ஊரில் ஐப்பசி இடியைப் பற்றித் தெரியாதவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். மத்தியானம் மூன்று மணிக்கு மேல் கிழக்கே மலைப்பக்கம் கறுத்தால், தெருத்தெருவாக வீடுகளில் பிளக் பிடுங்கும் வேலை நடக்கும். மோசஸ் சாருக்கு அந்தப் பதில் திருப்தியாக இருந்தது. "அப்ப உள் மோடம் போரும்" என்றார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

நானே போய் அவர்கள் வீட்டில் பெட்டியை வைத்துக் கொடுத்தேன். ரேழியில் ஒரு மேஜை. சுவரில் டெலிபோன் கம்பி திருகாணி போட்ட பழைய பெட்டியில் முடிந்திருந்தது. அங்கே கழற்றமுடியாது. கம்ப்யூட்டரின் பின்னால் இருக்கும் முனையைத்தான் பிடுங்கவேண்டும். ராமநாதன் என்னை நிற்கவைத்து இரண்டு தடவை பிடுங்கிப் பழகிக்கொண்டார். எதற்கும் இவ்வளவு ஒழுங்கானவர் என்று மனதில் நினைத்துக்கொண்டேன்.

விசாலம் வேலையை ஆரம்பித்தாள். இடையில் ஒருமுறை கடைக்கு வந்தபோது, தனக்கென்று சுருக்கெழுத்து மாதிரி ஒரு அகராதி சேர்த்திருப்பதாகச் சொன்னாள். இரண்டு எழுத்து அடித்தால் நீளமான வியாதியின் பெயர் முழுக்க வந்து விழும். அதனால்தான் நேரத்துக்கு முடிக்க முடிகிறது என்றாள். சோதனைக் காலம் முடிய ஒரு தவணை வேலைதான் மிச்சம் என்ற நிலையில் நவராத்திரி வந்தது.

இங்கே பூஜை வைப்பு என்று ஒன்று உண்டு. அஷ்டமி சாயங்காலம் புத்தகங்களையும் தொழில் சாமான்களையும் சரஸ்வதிக்கு முன்னால் வைத்துவிடுவார்கள். விஜயதசமி காலையில் பூஜை செய்து எடுக்கும்வரை அவற்றைத் தொடக்கூடாது. எங்கள் முதலாளியும் கடையில் திருப்புளி, சால்டரிங் அயர்ன், பில் போடும் கம்ப்யூட்டர் எல்லாவற்றுக்கும் பூஜை வைப்பார். எங்களுக்கு அது லீவு, அவ்வளவுதான். நானும் மோசஸ் சாரும் வேதக்காரர்கள், சர்ச்சுக்குப் போகிறவர்கள். பூஜைக்கு வைத்த பொருளைத் தொடமாட்டார்கள் என்று தெரியும். ஆனால் அது வீட்டில் எப்படி இருக்கும் என்று நாங்கள் யோசித்ததில்லை.

விசாலம் வீட்டில் அந்த வருஷம் கம்ப்யூட்டரையும் பூஜையில் வைத்தார்கள். பெட்டியைத் தூக்கி அலைய வேண்டாம் என்று, புத்தகங்களை மேஜைக்குக் கொண்டுவந்து அதன் பக்கத்திலேயே அடுக்கிவிட்டார்கள். மேலே பட்டுத்துணி, குங்குமம், பூ. கரண்ட் பிளக்கை மறக்காமல் பிடுங்கியிருந்தார்கள். டெலிபோன் கம்பி பின்னால் செருகியபடி இருந்தது. அது யார் கண்ணிலும் படவில்லை, ஏனென்றால் அதை வானம் கறுக்கும்போது பிடுங்குவதுதான் வழக்கம்.

நவமி அன்று மத்தியானம் வானம் கறுத்தது. அந்த வருஷம் இடி முந்திக்கொண்டுவிட்டது. ராமநாதன் டிவி கேபிளைக் கழற்றினார், ஃபிரிட்ஜைக் கழற்றினார், கம்ப்யூட்டர் மேஜைக்கு வந்து நின்றுவிட்டார். விசாலம் பட்டுத்துணியை விலக்கக் கையை நீட்டினாள். "தொடாதே விசாலம். ஸரஸ்வதி இருக்கா. அவ பாத்துப்பா" என்றார். அவள் கையை எடுத்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் டெலிபோன் மணி தானாக ஒருமுறை கிணுங்கியதாம், பிறகு செத்துப்போனதாம். இதெல்லாம் பின்னால் விசாலம் சொல்லி எனக்குத் தெரியும்.

விஜயதசமி காலை, முதலாளி எங்கள் கையில் சந்தனப் பொட்டு வைத்த திருப்புளிகளைக் கொடுத்துக்கொண்டிருந்தார். மாடிப்படியில் விசாலம் வந்தாள். பெட்டியோடு கீபோர்டு, பெடல், ஹெட்போன், சிடி எல்லாவற்றையும் படுக்கை விரிப்பில் கட்டி, ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். பெட்டியின் முன்பக்கத்தில் குங்குமம் அப்படியே இருந்தது. பூஜை எடுத்து, வழக்கப்படி அரிசியில் விரலால் எழுதிவிட்டு முதல் காரியமாக ஸ்விட்சைப் போட்டிருக்கிறாள். ஒன்றும் வரவில்லை.

"இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள அனுப்பியாகணும் சார். கடைசித் தவணை. நேத்து ராத்திரியே ஃபைல் நெட்ல வந்து கிடக்கும். ஏஜென்சி ஆபீஸ் பூட்டிக் கிடக்கு, போனும் செத்துப்போச்சு, யார்கிட்ட சொல்றதுன்னும் தெரியல" என்றாள். அழவில்லை. விரிப்பின் முடிச்சை நான் அவிழ்த்தேன்.

இடி விழுந்த பெட்டியை மோசஸ் சார் பார்க்கும் விதம் தனி. எது போயிற்று என்று தேடமாட்டார், எது உயிரோடு இருக்கிறது என்று தேடுவார். மேஜையில் செய்தித்தாளை விரித்தார். எல்லாவற்றையும் கழற்றி அதன்மேல் வைத்தார். போர்டு, பிராசஸர், ஒரு மெமரி, இவை மட்டும் வைத்துக் கரண்ட் கொடுத்தார். பீப் சத்தத்துக்குக் காதைக் கொடுத்துக் காத்திருந்தார். வரவில்லை. மெமரியை மாற்றினார். வரவில்லை. மோடம் அட்டையை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார். டெலிபோன் கம்பி வந்து சேரும் இடத்தில் கறுத்து வெடித்திருந்தது. மூக்கருகில் கொண்டுபோய்க் கீழே வைத்தார்.

"இதுவும் போச்சு, போர்டும் போச்சு. போன் வழியா வந்திருக்கு." பிறகு விசாலத்தைப் பார்த்தார். "அண்ணன் கழட்டல்லியா?"

"பூஜையில வச்சிருந்தது சார்."

மோசஸ் சார் கையில் இருந்த திருப்புளியைப் பார்த்தார். அதிலும் சந்தனம் இருந்தது. "அத நான் கேக்காம விட்டுட்டேனே" என்றார். அவ்வளவுதான் சொன்னார். ஆனால் அன்றைக்குப் பிறகு, அவர் ஓய்வு பெறும்வரை, பூஜை வைக்கும் வீட்டுக்காரர் யார் வந்தாலும் "பூஜைக்கு வைக்கும்போது போன் ஒயர் எங்க இருக்கும்?" என்ற கேள்வியையும் சேர்த்துக் கேட்டார்.

புது போர்டு கடையில் இல்லை. சப்ளை செய்கிறவர்கள் பூஜைக்குப் பூட்டிவிட்டார்கள். இருந்த ஒரே உயிருள்ள பெட்டி, முதலாளியின் பில் போடும் கம்ப்யூட்டர். மோசஸ் சார் ஒன்றும் கேட்காமல் அதன் திருகாணிகளைக் கழற்ற ஆரம்பித்தார். முதலாளி ஓடி வந்தார்.

"மோசஸே, இப்பத்தான் பூஜை எடுத்தது. முதல் பில் போடல்லையே!"

"இத முதல் பில்லுன்னு வச்சுக்கிடுங்க சாரே" என்றார் சார், தலையை நிமிர்த்தாமல்.

விசாலத்தின் டிஸ்கை இரண்டாவது டிஸ்காகச் செருகினோம். கரண்ட் கொடுத்ததும் சார் உள்ளங்கையை அதன்மேல் வைத்தார்.  அந்த அகராதி அதில்தான் இருக்கிறது, போய்விட்டால் சாயங்காலத்துக்குள் அவளால் முடிக்கமுடியாது. சார் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். சுற்றுகிறது. சவுண்ட் கார்டும் பிழைத்திருந்தது. பில் பெட்டிக்கு சவுண்டே கிடையாது, ஆகவே விசாலத்தின் அட்டையைத்தான் அதில் செருகினோம். அகராதியை எடுத்துவைத்து, ஏஜென்சி கொடுத்த சிடியில் இருந்து மென்பொருளைப் போட்டு, கடையின் போன் வழியாக அவளுடைய ஃபைலையும் இறக்கினோம்.

கடைசியில் பெடல் இடித்தது. பழைய பெட்டியில் சீரியல் போர்ட் இரண்டுதான். ஒன்றில் மவுஸ், இன்னொன்றில் கடையின் மோடம். பெடலுக்கு இடமில்லை.

"மவுஸைப் பிடுங்குங்கோ" என்றாள் விசாலம்.

"மவுஸ் இல்லாம எப்படிம்மா?"

"டைப் அடிக்கறவளுக்கு எலி எதுக்கு சார்? பெடல் போறும்."

பில் கவுண்டரில் இருந்தது உயரமான ஸ்டூல். ஏறி உட்கார்ந்தால் கால் தரைக்கு எட்டவில்லை. பெடலை எங்கே வைப்பது? நான் பழைய மதர்போர்டு அட்டைப்பெட்டிகளை அடுக்கிக் கொடுத்தேன். அதன்மேல் பெடல், பெடல்மேல் அவள் கால். ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். அதற்கப்புறம் அவள் எங்களோடு இல்லை.

பூஜைக்குப் பிறகு கடை திறந்ததால் ஆள் வந்துகொண்டே இருந்தார்கள். கவுண்டரில் உட்கார்ந்திருப்பது அவள் என்பதால் எல்லாரும் அவளிடமே போய், பிரிண்டர் ரிப்பனுக்கு என்ன விலை, ஃப்ளாப்பி இருக்கிறதா என்று கேட்டார்கள். அவள் அடித்துக்கொண்டே தலையால் என் பக்கம் காட்டுவாள். ஒருவர் கோபித்துக்கொண்டு, "ஸ்டாஃபுக்கு எந்தா இத்ர அகங்காரம்", இவ்வளவு திமிரா என்று மலையாளத்தில் முதலாளியிடம் முறையிட்டுவிட்டுப் போனார்.

மத்தியானம் சாப்பாட்டு வேளை தாண்டி ராமநாதன் வந்தார். குடையை மடித்து ஸ்டூலுக்குப் பக்கத்தில் நின்றார். அவர் முகம் சரியாக இல்லை.

"விசாலம், ஆத்துக்கு வா. நல்ல நாளும் அதுவுமா இலை போட்டு வச்சிருக்கா, நீ இங்க இப்படி கடைத்தெருவுல... நான் யோசிச்சுப் பாத்தேன். பூஜையில வச்ச சாமான்மேல இடி விழுந்தா என்ன அர்த்தம்? வேண்டாம்னாக்கும் அர்த்தம். எல்லாருமா பெங்களூர் போயிடலாம். நான் உன்னை ஒரு குறையும் இல்லாம வச்சுப்பேன்."

அவளுக்குக் காது கேட்கவில்லை. அமெரிக்காவில் ஒரு டாக்டர் யாருடைய பித்தப்பையைப் பற்றியோ அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் கால் மிதித்தது, நின்றது, கொஞ்சம் பின்னால் போய் மறுபடி மிதித்தது. உதடு மட்டும் லேசாக அசைந்தது. ராமநாதன் பேசி முடித்துவிட்டு நின்றார். திருப்பிச் சொல்ல அவருக்கு வரவில்லை. மோசஸ் சார் ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். அவர் உட்கார்ந்தார். தங்கை வேலை செய்வதை அவர் அதுவரை பார்த்ததே இல்லை என்று எனக்கு அப்போதுதான் தோன்றியது. வீட்டில் அவர் தூங்கும் நேரத்தில் அவள் வேலை நடக்கும். அவர் அவளுடைய காலைப் பார்த்தார், விரல்களைப் பார்த்தார், அட்டைப்பெட்டிகளைப் பார்த்தார். எனக்கு அந்த மனிதர்மேல் காலையில் இருந்த எரிச்சல் கொஞ்சம் குறைந்தது.

அவள் முடித்தபோது வெளியே மறுபடியும் வானம் கறுத்திருந்தது. கோட்டைப் பக்கம் உறுமல் கேட்டது. மோடம் கீச்சிட்டு இணைந்து, ஃபைல் போக ஆரம்பித்தது. அந்த நேரத்தில் யாரும் போனை எடுத்துவிடக்கூடாது என்று முதலாளியே ரிசீவர்மேல் கையை வைத்துக்கொண்டு காவல் நின்றார். போய்ச் சேர்ந்தது என்று திரையில் வந்ததும் மோசஸ் சார் ஒரே இழுப்பில் கம்பியைப் பிடுங்கினார். விசாலம் ஹெட்போனைக் கழற்றினாள்.

"எப்போ வந்தேள் அண்ணா?"

"இப்பத்தான்" என்றார் ராமநாதன்.

வேலை நிரந்தரமானது. சில நாளில் அவளே வந்து சொன்னாள். ஆனால் அண்ணன் மனம் இறங்கவில்லை என்றும் சொன்னாள். அபசகுனம் என்ற வார்த்தை வீட்டில் புகுந்துவிட்டது. பெங்களூர் டிக்கெட் பற்றிப் பேச்சு வந்தால் அவளையும் சேர்த்தேதான் பேசுகிறார்கள். வாய்தவறிச் சொன்ன வாக்கைப் பற்றி அண்ணன் எதுவும் பேசுவதில்லை. எதிர்த்துக் கேட்க அவளுக்கு வரவில்லை. எனக்கு அப்பாவைக்கூட எதிர்த்துப் பேசித்தான் பழக்கம். ஆனால் ஒவ்வொரு வீடும் ஒவ்வொரு மாதிரி.

புது போர்டு வந்ததும் நானும் மோசஸ் சாரும் பெட்டியோடு கரமனைக்குப் போனோம். இந்தத் தடவை வெளி மோடம், டெலிபோன் கம்பியில் இடியைத் தடுக்க ஒரு சின்னப் பெட்டியும். அதை மாட்டுவதற்கு முன் சார் சுவர்ப் பிளக்கில் டெஸ்ட் பல்பை வைத்துப் பார்த்தார். எர்த் ஓட்டையில் வைத்தால் பல்பு எரியவில்லை. மறுபடி வைத்தார். இல்லை. எர்த் கம்பி எங்கே போகிறது என்று சுவரோடு கையை வைத்துக்கொண்டே நடந்தார். நாங்கள் பின்னால் போனோம். அது கொல்லைக்குப் போய் தண்ணீர்க் குழாயில் கட்டியிருந்தது. பழைய நாளில் இரும்புக் குழாய்தான் எல்லா வீட்டுக்கும் எர்த். இவர்கள் வீட்டில் குழாயைப் பிளாஸ்டிக்காக மாற்றியிருந்தார்கள். அந்தக் கம்பியும் டெலிபோன் பெட்டியின் எர்த் கம்பியும் பிளாஸ்டிக் குழாயில் ஒழுங்காகச் சுற்றிக் கட்டியிருந்தன.

"இது எர்த்துமில்ல ஒண்ணுமில்ல. எவ்வளவு நாளா இப்படி நிக்குதோ" என்றார் சார். "இடிக்கு மண்ணுக்குப் போக வழி இருக்கணும் சாரே. அது இல்லேன்னா எந்தப் பெட்டி மாட்டியும் பிரயோசனம் இல்ல."

ராமநாதன் முகம் மாறியது. "அப்போ பூஜைக்கும் அதுக்கும்..."

"பூஜை அதுபாட்டுக்கு இருக்கட்டும். இது குழாய் மாத்தின நாள்ல இருந்து உள்ள கேடாக்கும்."

பிறகு வழக்கமான குரலில் விவரம் சொன்னார். ஒரு குழி தோண்டவேண்டும். இரும்புக் குழாயை இறக்கி, சுற்றிக் கரியும் உப்பும் போட்டு மூடவேண்டும். ஆள் வைத்தால் அரை நாள் வேலை. "ஆனா ஒண்ணு. மண்ணு நனைஞ்சு இருந்தாத்தான் எர்த். மழை கழிஞ்சா தண்ணி ஊத்தணும். கோடையில கட்டாயம் ஊத்தணும். பூட்டிப் போட்டுட்டுப் போற வீடுன்னா இப்பவே சொல்லிடுங்க, தோண்டாண்டாம். வீண் வேலை."

 ராமநாதன் கொல்லையைச் சுற்றிப் பார்த்தார். விசாலம் சமையலறை வாசலில் ஈரக்கையோடு நின்றிருந்தாள். அவளுக்கு எல்லாம் கேட்டிருக்கும். எனக்கு அங்கே நிற்கவே சங்கடமாக இருந்தது, எங்காவது போய்விடலாம் என்று இருந்தது. ராமநாதன் கொட்டகைக்குள் போனார். மண்வெட்டியோடு வந்தார். கிணற்றடியைத் தாண்டி, சமையலறைச் சாக்கடை வந்து விழும் இடத்துக்குப் பக்கத்தில் போய், மண்வெட்டியால் ஒரு கோடு கிழித்தார்.

"இங்க தோண்டலாமோ? விசாலம் பாத்திரம் தேய்க்கற தண்ணி தினமும் இந்த வழியாத்தான் போகும். கோடையானாலும் காயாது."

மோசஸ் சார் மண்ணைக் குனிந்து தொட்டுப் பார்த்துத் தலையசைத்தார்.  வாசலில் இருந்து விசாலத்தின் குரல் கேட்டது.

"சோப்புத் தண்ணி ஆகுமோ சார்?"

"எந்தத் தண்ணியும் ஆகும்மா" என்றார் மோசஸ் சார். "நாளும் விழுந்தாப் போரும்."